ஊர்தோறும் கிறிஸ்துமஸ்

பனிக்காலம் தொடங்கியதும் சாந்த்ராகாச்சிக்கு விருந்தினர் வரத் தொடங்குகின்றனர். ரயில் நிலையத்தை அடுத்துள்ள பெரிய ஏரியில் சீழ்க்கைச் சிறகிகள் கூட்டங்கூட்டமாக வந்து இறங்குகின்றன. இமயத்துக்கு அப்பாலிருந்து வரும் வாத்தினங்கள் சிலவும் அவற்றோடு சேர்ந்துகொள்கின்றன. வெயில் ஏறும்வரை தங்கியிருந்து, பின் அவை பறந்துபோகின்றன. அந்த ஏரிக்கு அருகிலேயே ஹவுராவிலிருந்து சென்னைக்குச் செல்லும் இருப்புப் பாதையும் போகிறது. அப்பாதை வழியே வந்த மனிதர்களோ பறவைகளைப்போல் பருவம் முடிந்ததும் திரும்பிவிடுவதில்லை. ரயில்வே உத்தியோகம், தொழிற்சாலை வேலை, வாணிகம் என்று வந்தவர்கள் ஹவுராவிலும் கல்கத்தாவிலும் குடும்பத்தோடு தங்கிவிட்டனர். அவர்களுள் தமிழர்களும் பலர்.

வெளிமாநிலத்தில் வாழும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் டிசம்பர் மாதம் வந்ததும் ஒரு மனக்குறை தலைகாட்டுவது உண்டு. ஊரில் விடியற்காலையில் கோயில் மணி அடிக்கும். தெருவெல்லாம் நட்சத்திர விளக்குத் தொங்கும். சுற்றத்தார் கூடிப் பலகாரம் சுடுவார்கள். இங்கே அவையெல்லாம் ஏது? நம் பிள்ளைகள் அறிந்த கிறிஸ்துமஸ் கடைத்தெரு விளக்கும் கேக்குத் துண்டும்தானா? ஊர் வழக்கத்தை விட்டுவிட்டால் பண்டிகையே நம் கையைவிட்டுப் போனதாகாதா? இது வீண் கவலையன்று. பொங்கலையும் தீபாவளியையும் தொலைவில் கொண்டாடும் ஏனைய தமிழர்களுக்கும் இதே கவலை உண்டு. ஆதலின் கிறிஸ்துமஸ் பண்டிகை உலகின் பல பகுதிகளிலும் எவ்வாறு கொண்டாடப்படுகிறது, அந்த வழக்கங்கள் எங்கிருந்து எங்கே போயின என்பதைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது பயன் தரும். ஊர் வழக்கம் என்று நாம் எண்ணுகிறவை எவ்வளவு தூரம் பிரயாணம் செய்து நம் ஊரை அடைந்தவை என்பது அப்போது விளங்கும்.

முதலில் பெயரையே எடுத்துக்கொள்வோம். வங்காளத்தில் இப்பண்டிகைக்கு ‘பொரோதின்’ என்று பெயர். ‘பெரிய நாள்’ என்பது அதன் பொருள். இந்தியிலும் ‘படா தின்’ என்பர். இதற்கு இருவகையாகப் பொருள் கூறுவதுண்டு. பெருமை வாய்ந்த நாள் ஆதலால் பெரிய நாள் என்பது ஒன்று. டிசம்பர் 21 அல்லது 22ஆம் தேதியோடு பகற்பொழுது குறைவது நின்று, மறுபடி வளரத் தொடங்குகிறது. பகல் பெரிதாகத் தொடங்கும் காலத்து நாள் என்பது மற்றொன்று. நம் மார்கழி மாதமும் வங்காளிகளின் பௌஷ மாதமும் ஒரே காலத்தில் வருபவை. நம் பொங்கல் வரும் வேளையில்தான் அவர்களுக்குப் பௌஷ சங்கராந்தி. கிறிஸ்துமஸ் இவ்விரு நாட்டாருக்குமே பனியும் விடியற்காலையும் கலந்த ஒரே பருவத்துப் பண்டிகை என்பது கவனிக்கத்தக்கது.

பெயர் இடத்துக்கு இடம் வேறுபடுவதுபோல் நாளும் வேறுபடுகிறது. கிறிஸ்து பிறந்த தேதி இன்னதென்று நற்செய்தி நூல்கள் எதிலும் குறிக்கப்படவில்லை. ரோமாபுரியில் 354ஆம் ஆண்டில் தொகுக்கப்பெற்ற ஏடு ஒன்றில் டிசம்பர் 25 பிறப்பு நாளாகக் காணப்படுகிறது. கிழக்கத்திய திருச்சபைகள் சில ஜனவரி 6ஆம் நாளைப் போற்றின. ஆர்மீனியர்கள் இன்றும் அந்நாளிலேயே கொண்டாடுகின்றனர். இதைக் காண நாம் ஆர்மீனியா வரை போகவேண்டியதில்லை. கல்கத்தாவில் படாபஜாருக்கு அருகே 1724ஆம் ஆண்டில் எழுந்த ஆர்மீனியர் ஆலயம் ஒன்று உள்ளது. அந்நகரில் இன்றும் நிற்கும் கிறிஸ்தவ ஆலயங்களுள் அதுவே மிகப் பழையது. நகரம் முழுவதும் கிறிஸ்துமஸ் கொண்டாடி ஓய்ந்தபின், ஜனவரி 6ஆம் தேதி அங்கே கிறிஸ்து பிறப்பு வழிபாடு நடைபெறுகிறது. ஒரே நகரில் இரண்டு கிறிஸ்துமஸ்!

ரஷ்யா, செர்பியா முதலிய நாடுகளின் திருச்சபைகள் பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றுகின்றன. அது இப்போது வழங்கும் நாட்காட்டியைவிடப் 13 நாள் பின்தங்கி இருப்பதால் அவர்களுடைய டிசம்பர் 25 நமக்கு ஜனவரி 7 ஆகிறது. எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்களும் எத்தியோப்பியர்களும் ஜனவரி 7ஆம் தேதியை ஒட்டியே கொண்டாடுகின்றனர். உக்ரைன் நாடு 2023ஆம் ஆண்டில் அரசு விடுமுறையை டிசம்பர் 25க்கு மாற்றிக்கொண்டது. எல்லாக் கிறிஸ்தவ நாடுகளும் எக்காலமும் இப்பண்டிகையைக் கொண்டாடின என்றும் எண்ணவேண்டாம். இங்கிலாந்தில் தூய்மைவாதிகள் அதிகாரம் பெற்றிருந்தபோது 1647ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தையே ஒழித்துச் சட்டம் செய்தது. ஸ்காட்லாந்தில் அந்நாள் பொது விடுமுறையானது 1958ஆம் ஆண்டில்தான். ஆகவே நாளும் கொண்டாட்டமும் கல்லில் பொறித்தவையல்ல. மக்கள் வாழ்வோடு கூடவே மாறி வந்தவை.

அடுத்து, வீடுகளில் அமைக்கும் குடிலைப் பார்ப்போம். இத்தாலி நாட்டில் கிரேச்சோ என்னும் சிற்றூரில் 1223ஆம் ஆண்டு அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸ் ஒரு தீவனத் தொட்டியில் வைக்கோலை இட்டு, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் அருகே நிறுத்தி, ஏழை மக்கள் கண்ணால் கண்டு உணரும்படி கிறிஸ்து பிறப்பு விழாவை நடத்தினார். அதிலிருந்து பரவியதே குடில் அமைக்கும் வழக்கம். அது தமிழ்நாட்டுக்கு வந்தபோது பெத்லகேம் மாட்டுத் தொழுவம் நம் நாட்டு வைக்கோற் குடிசையாயிற்று. நவராத்திரிக் கொலுவுக்குப் பொம்மை செய்யும் கைகளே சூசையையும் மரியாளையும் இடையர்களையும் மண்ணில் வனைந்து தருகின்றன. குழந்தைகள் முளைவிட்ட கேழ்வரகைத் தூவிப் புல்வெளி அமைக்கின்றனர்.

கிறிஸ்துமஸ் மரத்தின் வரலாறு இன்னும் சுவையானது. ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து மக்கள் தங்கள் வீட்டுக் கூடத்தில் தேவதாரு இன மரத்தை நிறுத்தி, காகித ரோஜாக்களையும் ஆப்பிள்களையும் தொங்கவிட்டதாக 1605ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று கூறுகிறது. ஜெர்மானியரின் இவ்வழக்கம், விக்டோரியா அரசியின் குடும்பம் மரத்தைச் சூழ்ந்து நிற்கும் சித்திரம் 1848ஆம் ஆண்டில் ஒரு லண்டன் பத்திரிகையில் வெளிவந்தபின், ஆங்கிலேயரிடையே வேகமாகப் பரவியது. ஆங்கிலேயர் மூலம் அது இந்தியாவுக்கு வந்தது. ஆனால் தமிழ்நாட்டுச் சமவெளியில் அந்த மரம் ஏது? நம்மவர் சவுக்கு மரக் கிளையை வெட்டி வந்து நிறுத்தினர். அந்தச் சவுக்கும் நம் சமவெளியின் பழைய மரமன்று. 19ஆம் நூற்றாண்டில் விறகுக்காகவும், ரயில் எஞ்சின்களின் எரிபொருளுக்காகவும் சென்னை மாகாணக் கடற்கரையில் பெருமளவில் நட்டு வளர்க்கப்பட்டது. வந்தேறிய வழக்கம் ஒன்றுக்கு வந்தேறிய மரம் ஒன்று கைகொடுத்தது. நமக்கோ இன்று சவுக்குக் கிளையின் மணமே ஊர்க் கிறிஸ்துமஸின் மணமாகிவிட்டது!

இனி நட்சத்திர விளக்கு. கீழ்த்திசை ஞானிகளுக்கு வழிகாட்டிய விண்மீனை நினைவூட்டுவது அது. ஜெர்மனியில் மொரேவியச் சபையாரின் பள்ளி ஒன்றில், 19ஆம் நூற்றாண்டில், வடிவ கணிதம் கற்பிப்பதற்காக மாணவர்கள் காகிதத்தால் பல முனைகள் கொண்ட நட்சத்திரங்களைச் செய்தனர். அது ஹெர்ன்ஹூட் நகரத்து நட்சத்திரமென்று பெயர் பெற்று நாடெங்கும் பரவியது. பிலிப்பைன் தீவுகளில் மூங்கிற் சிம்பும் காகிதமும் கொண்டு ‘பரோல்’ என்னும் நட்சத்திர விளக்கைச் செய்து வாசலில் தொங்கவிடுகின்றனர். விளக்கு எனப் பொருள்படும் ஸ்பானியச் சொல்லின் திரிபே அப்பெயர். நம் நாட்டிலும் மூங்கில் சீவி, வண்ணக் காகிதம் ஒட்டி, உள்ளே விளக்கு வைக்கும் வழக்கம் வேரூன்றியிருக்கிறது. போலந்து நாட்டிலோ செயற்கை நட்சத்திரத்தைவிட வானத்து நட்சத்திரத்துக்கே மதிப்பு அதிகம். டிசம்பர் 24ஆம் தேதி மாலையில் குழந்தைகள் பலகணி வழியே வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதல் விண்மீன் தோன்றிய பின்னரே குடும்பத்தார் விருந்துக்கு அமர்வார்கள்.

பாட்டில்லாத கிறிஸ்துமஸ் எங்கும் இல்லை. மெக்சிகோ நாட்டில் டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது இரவுகள் ‘போசாதாஸ்’ என்னும் ஊர்வலம் நடைபெறுகிறது. தங்குமிடங்கள் என்பது அச்சொல்லின் பொருள். கருவுற்ற மரியாளும் சூசையும் இரவு தங்க இடம் தேடி அலைந்ததை நடித்துக்காட்டுவது இதன் நோக்கம். ஒரு கூட்டத்தார் வீட்டு வாசலில் நின்று பாடி இடம் கேட்பர். உள்ளே இருப்போர் பாடியே மறுப்பர். இவ்வாறு சில வாசல்களில் மறுக்கப்பட்டபின், இறுதியில் ஒரு வீட்டில் கதவு திறக்கும். எல்லாரும் உள்ளே சென்று விருந்துண்பர். அதே ஒன்பது நாட்களிலும் பிலிப்பைன் மக்கள் விடியுமுன் எழுந்து திருப்பலிக்குச் செல்கின்றனர். வயலுக்குச் செல்லும் உழவர்கள் வேலைக்கு முன்னே வழிபட வேண்டுமென்பதற்காக அந்த நேரம் வகுக்கப்பட்டது என்பர். மார்கழி விடியலில் எழுந்து பழகிய தமிழருக்கு இது புதுமையாகத் தோன்றாது.

தமிழ்நாட்டில், சிறப்பாகத் திருநெல்வேலிப் பகுதியில், கீதபவனி செல்வோர் இரவெல்லாம் வீடு வீடாகப் பாடிச் செல்வர். பாட்டின் மெட்டு மேலைநாட்டு மெட்டாக இருக்கலாம். கர்நாடக இராகத்தில் அமைந்த கீர்த்தனையாகவும் இருக்கலாம். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) பல கீர்த்தனைகளை இயற்றியதோடு, குறவஞ்சி என்னும் தமிழ் நாடக வகையிலேயே ‘பெத்லகேம் குறவஞ்சி’யையும் படைத்தார். அவருக்கு முன்னரே, இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் சூசையப்பரைக் காப்பியத் தலைவராக்கி, 3615 பாடல்களில் ‘தேம்பாவணி’ பாடினார். அக்காப்பியத்தில் யூதேயா நாடு தமிழ்நாட்டு வயலும் சோலையும் நிறைந்து விளங்குகிறது. வங்காளத்திலும் இவ்வாறே நிகழ்ந்தது. வைணவ பக்தர்கள் ‘கோல்’ எனப்படும் மண் மத்தளத்தையும் கைத்தாளத்தையும் கொண்டு பாடிய கீர்த்தன முறையில், வங்காளக் கிறிஸ்தவர்கள் கிறிஸ்து பிறப்பைப் பாடுகின்றனர். நம் கீர்த்தனையும் அவர்கள் கீர்த்தனும் பெயரால் மட்டுமல்ல, பிறந்த வழியாலும் உடன்பிறப்புகள். கதை தூரதேசத்துக் கதை. ஆனால் அதைத் தன் நாட்டுப் பாட்டில் கேட்டபோதுதான் அது மக்கள் நெஞ்சுக்குள் புகுந்தது.

உணவு வகையை ஆராய்ந்தால் ஊர்களின் சரித்திரமே அதில் எழுதியிருப்பதைக் காணலாம். உலர்ந்த பழங்களும் மசாலைப் பொருள்களும் சேர்ந்த ஆங்கிலேயரின் கேக்கு, போன போன ஊரில் எல்லாம் வேறு வேறு உருவம் கொண்டது. இலங்கையில் மாவுக்குப் பதிலாக ரவையும் முந்திரிப் பருப்பும் சேர்த்துச் செய்கின்றனர். அங்கே டச்சு வழிவந்த பறங்கியர் குடும்பங்களில் கிறிஸ்துமஸ் காலையில் ‘புருடர்’ என்னும் இனிப்பு ரொட்டி இல்லாமல் முடியாது. அலகாபாத்தில் வெண்பூசணியைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துச் செய்யும் ‘பேட்டா’வும் நெய்யும் கேக்கிலே இடம்பெற்றன. ஜப்பானில் கிறிஸ்தவர் மிகச் சிறுபான்மையினர். அங்கே ஸ்ட்ராபெரிப் பழம் வைத்த வெண்ணிற கேக்கும், 1974ஆம் ஆண்டில் தொடங்கிய ஒரு வணிக விளம்பரத்தின் பயனாக வறுத்த கோழியும் கிறிஸ்துமஸ் உணவாகிவிட்டன.

கல்கத்தாவின் கேக்கைப்பற்றித் தனியே சொல்லவேண்டும். அந்நகரத்து நியூ மார்க்கெட்டில் உள்ள நஹூம் கடையில் டிசம்பர் மாதத்தில் மக்கள் நீண்ட வரிசையில் நிற்பது வழக்கம். அக்கடை 1902ஆம் ஆண்டில், பக்தாதிலிருந்து வந்து குடியேறிய ஒரு யூதரால் தொடங்கப்பெற்றது. பார்க் தெருவில் 1927ஆம் ஆண்டில் தோன்றிய ஃப்ளூரிஸ் கடை சுவிட்சர்லாந்திலிருந்து வந்தவர்களால் தொடங்கப்பெற்றது. நகரத்தின் பழைய ரொட்டி அடுப்புகளில் பணிபுரிவோருள் முஸ்லிம்கள் பலர். மாவு, முட்டை, வெண்ணெய், பழம் ஆகியவற்றை வீட்டிலிருந்து கொண்டுபோய்க் கொடுத்து, தங்கள் கண்ணெதிரே கலந்து அந்த அடுப்புகளில் சுட்டு வாங்கி வருவது ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் பழக்கம். அதை வாங்கி உண்போருள் பெரும்பாலோர் இந்துக்கள். யூதர் விற்க, முஸ்லிம் சுட, இந்து வாங்க, கிறிஸ்தவப் பண்டிகைக்குரிய கேக்கு கல்கத்தா நகரத்தின் பொதுச் சொத்தாகிவிட்டது.

கல்கத்தாவில் பௌ பேரக்ஸ் என்னும் செங்கற் குடியிருப்பில் வாழும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ‘ரோஸ் குக்கி’ என்ற பலகாரத்தைச் செய்வார்கள். அதைக் கண்ட தமிழர் உடனே, “இது நம் அச்சு முறுக்கு அல்லவா!” என்பர். ஆம், அதே பலகாரந்தான். இரும்பு அச்சை மாவில் தோய்த்து எண்ணெயில் இடும் அதே முறைதான். இவற்றோடு நெல்லை, குமரி மாவட்டங்களின் முந்திரிக் கொத்தையும் அதிரசத்தையும் சேர்த்துப் பாருங்கள். பாசிப்பயறும் கருப்பட்டியும் கொண்டு முந்திரிக் கொத்து செய்யும் ஒரு தமிழ்ப் பெண்மணி, ஹவுராவில் கருப்பட்டி கிடைக்காமற்போனால் என்ன செய்வார்? பனிக்காலத்தில் வங்காளத்துக் கிராமங்களில் ஈச்ச மரத்தில் பானை கட்டிச் சாறு இறக்கிக் காய்ச்சும் ‘நொலேன் குர்’ என்னும் புதுவெல்லம் கடைத்தெருவுக்கு வருகிறது. நம் பனையின் பதநீருக்கும் கருப்பட்டிக்கும் அது ஒன்றுவிட்ட உறவு. அந்த வெல்லத்தில் பிடித்த கொத்து ஊர்க் கொத்தின் சுவையை அப்படியே தராது. ஆயினும் அது குறைபட்ட பலகாரம் ஆகாது. ஹவுராவின் முந்திரிக் கொத்து ஆகும்.

பரிசு கொடுக்கும் தாத்தாவும் பெரும் பிரயாணிதான். இன்றைய துருக்கி நாட்டைச் சேர்ந்த மைரா நகரத்தில் 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நிக்கலஸ் என்ற ஆயர் ஏழைகளுக்கு மறைவாக உதவியவர் என்பது மரபு. அவருடைய எலும்புகள் 1087ஆம் ஆண்டில் இத்தாலியின் பாரி நகருக்குக் கொண்டுபோகப்பட்டன. ஒல்லாந்தர் அவரை ‘சின்டர்க்ளாஸ்’ என்று அழைத்து, டிசம்பர் 5ஆம் தேதி மாலையில் குழந்தைகளுக்குப் பரிசளித்தனர். அப்பெயர் அமெரிக்காவில் ‘சாண்டா கிளாஸ்’ ஆயிற்று. 1860களில் தாமஸ் நாஸ்ட் என்ற சித்திரக்காரர் வரையத் தொடங்கிய படங்களால் பருத்த உடலும் வெண்தாடியும் அவருக்கு நிலைபெற்றன. இத்தாலியில் ஜனவரி 6ஆம் தேதியை ஒட்டிப் பரிசு கொண்டுவருபவள் ‘பெஃபானா’ என்னும் கிழவி. ஸ்வீடனில் டிசம்பர் 13ஆம் நாள் தலையில் மெழுகுவத்தி முடி சூடிய லூசியா என்ற பெண் விடியலில் ஒளி கொண்டுவருகிறாள். நம் தெருக்களில் மார்கழிப் பனியில் கம்பளிச் சட்டை அணிந்து வியர்க்க வியர்க்க ஆடும் கிறிஸ்துமஸ் தாத்தாவோ, குளிர்நாட்டு உடையைக் கழற்ற மனமில்லாத விருந்தாளி!

இதுவரை கிறிஸ்தவர்களின் வழக்கங்களைக் கண்டோம். வங்காளத்தின் தனிச் சிறப்பு ஒன்று உண்டு. சாந்த்ராகாச்சி அமைந்துள்ள ஹவுரா மாவட்டத்திலேயே பேலூர் மடம் இருக்கிறது. அங்கே ஆண்டுதோறும் டிசம்பர் 24ஆம் தேதி மாலையில் குழந்தையேசுவை ஏந்திய மரியாளின் படத்தை வைத்து, மெழுகுவத்தி ஏற்றி, கேக்கும் பழமும் படைத்து, பைபிள் வாசித்து, கிறிஸ்துமஸ் பாடல் பாடுகின்றனர். இதற்கொரு காரணம் உண்டு. ஸ்ரீராமகிருஷ்ணர் மறைந்த 1886ஆம் ஆண்டில், ஹூக்ளி மாவட்டத்து ஆன்ட்பூர் கிராமத்தில், பிற்காலத்தில் விவேகானந்தர் எனப் பெயர்பெற்ற நரேந்திரரும் பிற சீடர்களும் இரவில் தீ மூட்டிச் சுற்றி அமர்ந்து துறவு மேற்கொள்ள உறுதிபூண்டனர். நரேந்திரர் அன்று கிறிஸ்துவின் வாழ்க்கையை எடுத்துக் கூறினார். அந்த இரவு கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவு என்பதைப் பின்னரே அவர்கள் உணர்ந்தனர். சாந்திநிகேதனிலும் இரவீந்திரநாத தாகூர் 1910ஆம் ஆண்டில் தொடங்கிய கிறிஸ்து உற்சவம், டிசம்பர் 25ஆம் தேதி அங்குள்ள வழிபாட்டுக் கூடத்தில் மெழுகுவத்தி ஒளியில் நடைபெறும் மரபாயிற்று. வங்காளத்தில் கிறிஸ்துமஸை அயலார் பண்டிகை என்று சொல்ல முடியாதபடி இவ்வாறு அது மண்ணோடு கலந்துவிட்டது. ஹூக்ளி நதிக்கரையில் போர்த்துகீசியர் 1599ஆம் ஆண்டில் நிறுவிய பாண்டேல் ஆலயம், 1632ஆம் ஆண்டு முகலாயரின் முற்றுகையில் அழிந்தது; 1660ஆம் ஆண்டில் மீண்டும் எழுந்தது. இன்று அங்கே மெழுகுவத்தி ஏற்ற வருவோருள் எல்லா மதத்தினரும் உள்ளனர்.

இவையனைத்தையும் தொகுத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகிறது. குடில் இத்தாலியிலிருந்து வந்தது. மரம் ஜெர்மனியிலிருந்து வந்தது. தாத்தா துருக்கியிலிருந்து ஒல்லாந்து வழியாகவும் அமெரிக்கா வழியாகவும் வந்தார். ஊர்க் கிறிஸ்துமஸ் என்று நாம் ஏங்குகிற ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் வழிநடை வந்த விருந்தாகவே இருந்தது. நம் பாட்டன் பாட்டிமார் அவற்றை ஏற்று, சவுக்குக் கிளையும் கருப்பட்டியும் கீர்த்தனையும் சேர்த்துத் தமதாக்கிக்கொண்டனர். அவர்கள் செய்ததையே வெளிமாநிலத்தில் வாழும் நாமும் செய்யலாம். அதனால் பண்டிகை குறைவுபடாது. அது வளரும் முறையே அதுதான்.

ஆயினும் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிடலாமா? கூடாது. மாற்றத் தகுந்தது எது, காக்கத் தகுந்தது எது என்று பகுத்தறிய வேண்டும். பண்டங்கள் மாறலாம், பெயர் மாறலாம், மரம் மாறலாம். பாட்டும் மொழியும் அப்படியல்ல. ஹவுராவில் பிறந்த குழந்தை பள்ளியில் ‘பொரோதின்’ என்று சொல்லட்டும். தோழர்களோடு பார்க் தெரு விளக்குகளைக் கண்டு மகிழட்டும். அன்று இரவு வீட்டில் ஒரே ஒரு தமிழ்க் கீர்த்தனையையாவது அது தன் பெற்றோரோடு சேர்ந்து பாடவேண்டும். கேக்கு கடையில் கிடைக்கும். கீர்த்தனை கடையில் கிடைக்காது. தாய் தந்தையர் வாயிலிருந்து பிள்ளைகள் செவிக்குச் செல்லாவிட்டால் ஒரு தலைமுறையோடு அது நின்றுபோகும். தமிழ் வழிபாடு அருகில் கிடைக்காத இடங்களில் இரண்டு மூன்று குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடிப் பாடினாலே போதும்.

இன்னொன்றும் உண்டு. ரயில்வேயிலும் மருத்துவமனையிலும் மின்நிலையத்திலும் பணிபுரிவோருக்குப் பண்டிகை இரவும் வேலை இரவுதான். விடுப்புக் கிடைக்காமல் ஊருக்குப் போக இயலாத தனி இளைஞர்களும் இருப்பார்கள். முன்பு குறிப்பிட்ட போலந்து நாட்டு வழக்கத்தில் ஒரு பகுதியை இங்கே சொல்லவேண்டும். அங்கே கிறிஸ்துமஸ் விருந்தில் வீட்டாரின் எண்ணிக்கைக்கு மேல் ஒரு தட்டு கூடுதலாக வைப்பார்கள். எதிர்பாராமல் வரும் விருந்தினருக்கென ஒதுக்கிய இடம் அது. நாம் எந்த நாட்டிலிருந்தும் ஒரு வழக்கத்தைக் கடன் வாங்குவதானால் இதை வாங்கலாம். அந்த இடத்தில் வேலைமுறை முடிந்து வரும் தமிழ் இளைஞர் அமரலாம். அடுத்த வீட்டு வங்காளிக் குடும்பத்துப் பாட்டியும் அமரலாம். அவருக்கு அச்சு முறுக்குக் கொடுத்தனுப்பினால், பௌஷ சங்கராந்தியன்று அரிசி மாவும் தேங்காயும் புதுவெல்லமும் சேர்ந்த ‘பிட்டே’ நம் வீட்டுக்கு வரும். அதைப் பிட்டுப் பார்த்தால் நம் கொழுக்கட்டைப் பூரணம் உள்ளே இருக்கும்.

பிறந்த ஊரில் அல்லாமல் வழியில், இடம் கிடைக்காத ஓரிடத்தில், நிகழ்ந்த ஒரு பிறப்பைக் கொண்டாடுவதே கிறிஸ்துமஸ். ஆதலின் வெளியூரில் வாழ்பவருக்கு அதன் பொருள் குறைவதற்கு நியாயமில்லை. ஹவுராவிலும், பம்பாயிலும், டெல்லியிலும், பெங்களூரிலும் உள்ள தமிழ் வீடுகளில் நட்சத்திர விளக்கு எரியும்போது, அங்கு ஊர்க் கிறிஸ்துமஸின் நிழல் அல்ல, கிறிஸ்துமஸே வந்திருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம்.